ஜனக்புரி மாடி வீட்டுக்கு எந்த ஃபோம்? ஒரு நிகழ்வு ஆய்வு

டெல்லி ஜனக்புரியில் 1980களில் கட்டிய ஒரு வீட்டின் மேல் தளம். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, எண்பது தாண்டிய அவருடைய அம்மா, கல்லூரியில் படித்துக்கொண்டே மிருதங்கம் பழகும் மகன். மொட்டை மாடி உரிமையும் இவர்களுடையதுதான். மாடியின் ஒரு மூலையில் தகரக் கூரை போட்ட பர்சாத்தி அறை ஒன்று உண்டு. வீட்டுக் கூரையின் பரப்பு சுமார் 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர்.

2024 கோடையில் அந்தக் கூரை பட்ட பாட்டில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. மே 29 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. 79 ஆண்டுகளில் அங்கே அதுதான் உச்சம். ஒரு மாதம் முடிவதற்குள், ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அதே நிலையத்தில் 228.1 மி.மீ. மழை. 1936க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்ததில்லை. வெயிலில் விரிந்து வாய் திறந்த ஓட்டு இணைப்புகளுக்குள் அந்த மழை இறங்கியது. ஹால் கூரையில் பழுப்புக் கறை படர்ந்தது. ராத்திரி 11 மணிக்கும் ஃபேன் அனலாக அடிக்கிறது என்பது அதுவரை இருந்த புகார். அதோடு ஒழுகலும் சேர்ந்துகொண்டது.

கட்டிடங்களின் வெப்பம், ஈரம் பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. அந்தக் குடும்பம் என்னைக் கூப்பிட்டபோது கையில் மூன்று கொட்டேஷன் வைத்திருந்தார்கள். மூன்றிலும் "பஃப் ஸ்ப்ரே", அதாவது வெப்பத்தைத் தடுக்கப் பாலியூரித்தேன் ஃபோம் தெளிப்பது, என்றுதான் எழுதியிருந்தது. படித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேறு வேலைகள்.

முதல் ஆள் மொட்டை மாடியின் மேல் 50 மி.மீ. தெளிப்பதாக எழுதியிருந்தார்; அடர்த்தி என்ன என்பதே இல்லை. இரண்டாமவர் வீட்டுக்குள்ளிருந்து கூரையின் அடியில் 25 மி.மீ. குளோஸ்டு செல் என்ற வகை ஃபோமை அடித்து அப்படியே பெயின்ட் பூசிவிடலாம் என்றார். மூன்றாமவர் கூரைக்கு அடியில் தடிமனாக ஓப்பன் செல் என்ற இன்னொரு வகையை அடித்து, கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் சத்தமும் அடங்கும், வெப்பமும் அடங்கும் என்றார்.

இரண்டு ஃபோமும் எப்படி வேறுபடுகின்றன

இரண்டுமே பாலியூரித்தேன்தான். ஒரு டிரம்மில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால் கலவை. இரண்டும் சூடாக்கிய குழாய்களில் தனித்தனியே வந்து, துப்பாக்கி முனையில் சம அளவில் கலந்து, விழுந்த இடத்தில் சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும். பொங்கிய பிறகு உள்ளே இருக்கும் குமிழ்கள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பதில்தான் வேறுபாடு.

ஓப்பன் செல்லில் குமிழ்கள் உடைந்து ஒன்றோடொன்று இணைந்திருக்கும். உள்ளே இருப்பது வெறும் காற்று. ஒரு கன மீட்டர் எட்டு கிலோ அளவில்தான் எடை. கையால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகும். இடுக்குகளை நன்றாக நிரப்பும், ஒலியை உறிஞ்சும். தண்ணீர் பட்டால் ஸ்பாஞ்ச் மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும், நீராவியையும் உள்ளே விடும்.

குளோஸ்டு செல்லில் குமிழ்கள் மூடியபடியே இருக்கும். அவற்றுக்குள் அடைபட்ட வாயு காற்றைவிடக் குறைவாக வெப்பத்தைக் கடத்தும். சுவர்களுக்கு அடிப்பது கன மீட்டருக்கு 32 கிலோ அளவில் இருக்கும். மொட்டை மாடிக்கு 40 முதல் 48 வரை வேண்டும். அந்த அடர்த்தியில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அளவு பாரத்தைத் தாங்கும். மேலே கான்கிரீட் போட்டு நடக்கலாம். தண்ணீர் உள்ளே ஏறாது.

விளம்பரங்களில் எல்லோரும் காட்டுவது வெப்பக் கடத்தல் எண்ணை. ஓப்பன் செல்லுக்கு 0.038 அளவு. குளோஸ்டு செல்லுக்குப் புதிதாக இருக்கும்போது 0.022 அளவு. வருடங்கள் போகப் போக உள்ளே இருக்கும் வாயு கொஞ்சம் வெளியேறும் என்பதால் 0.026 என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். எண் குறைந்தால் நல்லது. அப்படியானால் குளோஸ்டு செல் ஜெயித்தது, பேச்சு முடிந்தது என்று தோன்றும். இந்த வீட்டில் முடிவு அந்த எண்ணால் வரவில்லை. ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

கணக்கு

கூரையின் இரு பக்கமும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு. 2018இல் வந்த ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, குடியிருப்புக் கூரைகளுக்கு இது 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது.

இந்த வீட்டில் 12 செ.மீ. கான்கிரீட் தளம். அதன் மேல் டெல்லியின் பழைய வழக்கப்படி மட் புஸ்கா: வைக்கோல் கலந்த களிமண்ணை ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு இடித்து, மேலே செங்கல் ஓடு பதிப்பது. அந்தக் காலத்துக்கு நல்ல வேலைதான். இதன் யு மதிப்பு சுமார் 2 வருகிறது. அதுவும் மண் காய்ந்திருக்கும்போது. நனைந்தால் இன்னும் மோசம்.

மே மாத மதியத்தில் கூரையின் மேற்பரப்பு 60 டிகிரி, உள்ளே 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 93 சதுர மீட்டர் வழியாக ஏறக்குறைய 6 கிலோவாட் வெப்பம் இறங்கும். ஒன்றரை டன் ஏசி முழு மூச்சாக ஓடினாலும் அதை மட்டும்கூடச் சமாளிக்க முடியாது. தளம் வெப்பத்தைச் சேர்த்து வைத்துத் தாமதமாக விடுவதால் இந்த உச்சம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும். ராத்திரி ஃபேன் அனல் அடிப்பதன் காரணம் அதுதான்.

மட் புஸ்காவை எடுத்துவிட்டு 50 மி.மீ. ஓப்பன் செல் வைத்தால் யு மதிப்பு 0.6. அதே 50 மி.மீ. குளோஸ்டு செல் வைத்தால் 0.44. 75 மி.மீ. ஆக்கினால் 0.31, 100 மி.மீ. ஆக்கினால் 0.24.

2இல் இருந்து 0.6க்கு வருவதுதான் பெரிய தாவல். அதற்கப்புறம் இரண்டு ஃபோமுக்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசம். 50ஐ 100 ஆக்கப் பணத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 0.2. வெப்பத்தை மட்டும் பார்த்தால் இரண்டில் எது இருந்தாலும் இந்த வீடு தப்பித்துவிடும். ஃபோமைக் கெடுக்கப் போவது தண்ணீர். ஆகவே தண்ணீர் எந்தப் பக்கத்தில் இருந்து வரும், வந்தால் எப்படி வெளியே போகும் என்று முதலில் கேட்டு, அதற்குப் பிறகு ஃபோமைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாட்டி ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நம்ம ஊர்ல போடற மாதிரி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, தட்டோடு பதிச்சா போதாதா?" நியாயமான கேள்வி. தண்ணீர் வடிய வாட்டம் கொடுப்பதற்கு அந்தத் தளம் அருமையானது. ஆனால் செங்கல் ஜல்லித் தளத்தின் வெப்பக் கடத்தல் மட் புஸ்காவைவிடக் கூடுதல். கூரையின் யு மதிப்பு பழையபடி 2க்குப் பக்கத்திலேயே நிற்கும், பாரமும் குறையாது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சரி, கீழ ஒழுகாம இருந்தா போதும்" என்றார்.

கூரைக்கு அடியில் ஏன் வேண்டாம் என்றேன்

இரண்டாவது, மூன்றாவது கொட்டேஷன்களுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. மாடியை உடைக்க வேண்டாம், மழைக்குக் காத்திருக்க வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் இந்த வீட்டுக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

தளம் ஏற்கெனவே மேலிருந்து நனைகிறது. அடியில் ஓப்பன் செல் அடித்தால் ஒழுகும் நீரை அது குடித்துக்கொண்டே இருக்கும்; கறை கண்ணில் படுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். குளோஸ்டு செல் அடித்தால் நீர் கம்பிகளின் பக்கத்திலேயே தங்கும், கம்பி துருப்பிடிப்பது வெளியே தெரியாது. நாற்பது வருடத் தளத்தில் இதைச் செய்யவே கூடாது.

அப்புறம் டெல்லிக் குளிர். ஜனவரி விடியலில் கான்கிரீட் சில்லென்று இருக்கும். உள்ளே நான்கு பேரின் மூச்சு, சமையல், வெந்நீர் எல்லாம் சேர்ந்த ஈரக் காற்று ஓப்பன் செல் வழியாக ஊடுருவி அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகும். அங்கே காய வழியில்லை.

மூன்றாவது காரணம் நெருப்பு. பாலியூரித்தேன் ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனம் கலந்திருந்தாலும் அது எரியும். எரிந்தால் கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். உட்பக்கம் அடித்த ஃபோமை 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை போன்ற ஒன்றால் மூடியே ஆக வேண்டும். சமையலறையும் விளக்கு ஏற்றும் பூஜை அறையும் உள்ள வீட்டில், ஃபோமின் மேல் நேராகப் பெயின்ட் பூசிவிடலாம் என்றவரின் தாளை நான் ஒதுக்கி வைக்கச் சொன்னதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்றும் உண்டு. வெப்பக் காப்பு அடியில் இருந்தால் கான்கிரீட் தினமும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும், விரிசல் நிற்காது. மேலே வைத்தால் தளமே நிழலில் இருப்பதாக ஆகிவிடும்.

ஆக, மொட்டை மாடியின் மேல், 50 மி.மீ., 42 கிலோ அடர்த்தி, குளோஸ்டு செல். முதல் ஆளையே திரும்பக் கூப்பிட்டு அடர்த்தியை எழுதித் தரச் சொன்னோம்.

கொட்டேஷனைச் சோதிக்கும் வழி

93 சதுர மீட்டர், 0.05 மீட்டர் கனம், 42 கிலோ. மூன்றையும் பெருக்கினால் 195 கிலோ. சேதாரம் சேர்த்தால் இரு டிரம்மிலும் மொத்தம் 215 கிலோவாவது இறங்க வேண்டும். இந்தக் கணக்கை ஒப்பந்தக்காரர் முன்னாலேயே போட்டுக் காட்டினோம். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் டிரம்களை எடை பார்ப்பது என்று எழுத்தில் வந்தது.

இரண்டாவது சோதனைக்குச் சமையலறைத் தராசு போதும். ஓரமாக ஒரு திட்டு அடிக்கச் சொல்லி, இறுகிய பிறகு 10 செ.மீ.க்கு 10 செ.மீ., 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு அறுத்து, மேல் தோலைச் சீவிவிட்டு எடை போடுங்கள். 42 கிலோ அடர்த்தி என்றால் 21 கிராம் இருக்க வேண்டும். 16 கிராம் காட்டினால் சுவருக்கான 32 கிலோ சரக்கு. 4 கிராம் என்றால் அது ஓப்பன் செல். துண்டை முகர்ந்தும் பார்க்க வேண்டும். மீன் வாடை நீடித்தால், அல்லது பிசுபிசுப்பாக இருந்தால், பாலியால் அதிகமாகிவிட்டது. கண்ணாடி மாதிரி நொறுங்கினால் ஐசோசயனேட் அதிகம். இரண்டையும் ஏற்கக் கூடாது.

பொங்க வைக்கும் வாயு எது என்றும் கேட்க வேண்டும். ஓசோனைக் கெடுக்கும் ஹெச்சிஎஃப்சி 141பி-யை 2020 தொடக்கத்தோடு இந்தியா நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்தவற்றில் ஹெச்எஃப்சி 245எஃப்ஏ, கரியமில வாயுவைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும். ஹெச்எஃப்ஓ வகைக்கு அந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. விலை கொஞ்சம் கூடுதல். வெயிலைத் தடுக்கச் செய்யும் வேலையே வெயிலைக் கூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் ஹெச்எஃப்ஓவுக்குச் சம்மதித்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வேலை நடந்த விதம்

எப்போது செய்வது என்பதே டெல்லியில் ஒரு தனிக் கணக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. அக்டோபருக்குப் பிறகு காற்று மாசு ஏறி, மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான கிராப்பின் மூன்றாம் கட்டம் வந்தால் கட்டுமான வேலைகளுக்குத் தடை. டிசம்பர், ஜனவரியில் தளம் குளிர்ந்து பனியில் நனைந்திருக்கும், ஃபோம் ஒட்டாது. மே மாதம் லூ என்ற அனல் காற்றில் துளிகள் பறந்து பக்கத்து வீட்டுக் கார்களில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டி எடுக்கவே முடியாது. அடுத்த மார்ச் மாதத்தில், ஹோலி முடிந்த பிறகு, காலை வேளைகளில் செய்தோம்.

முதலில் மட் புஸ்கா முழுவதையும் எடுத்தார்கள். ஓடும் மண்ணுமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பாரம் இறங்கியது. புதிதாக ஏறியது, கான்கிரீட் பூச்சோடு சேர்த்து, 120 கிலோவுக்குப் பக்கம். பழைய தளத்துக்கு இதுவே ஒரு விடுதலை.

விரிசல்களை அடைத்து, கைப்பிடிச் சுவரோடு சேரும் மூலையெல்லாம் கோலா உருட்டி, அதாவது சாந்தால் வளைவாக நிரப்பி, தண்ணீர் இறங்கும் குர்ராக்களைத் தாழ்த்திக் கட்டி, நீர்க்காப்புப் பூச்சு பூசி, தண்ணீர் தேக்கி இரண்டு நாள் பார்த்தோம். குளோஸ்டு செல்லே நீர்க்காப்புதான், தனியாக எதற்கு என்று மிஸ்திரி கேட்டார். ஃபோமில் ஒரே ஓர் ஓட்டை விழுந்தாலும் நீர் அதன் அடியில் பரவி எங்கோ தள்ளி ஒழுகும், மூலத்தைத் தேடுவது பெரும்பாடு. அதனால் ஃபோமை நம்பாத ஒரு பூச்சு அடியில் இருக்கட்டும்.

தண்ணீர் டேங்கின் கால்கள், ஏசி வெளிக்கருவி, பின்னால் வரப்போகும் சோலார் பலகைகள், எல்லாவற்றுக்கும் தளத்தின் மேலேயே நேராகக் கான்கிரீட் பீடங்கள் போட்டோம். ஆயிரம் லிட்டர் டேங்க் என்பது ஒரு டன். அதன் கால்கள் ஃபோமில் நிற்கக் கூடாது.

தளம் காய்ந்ததா என்று பார்க்க ஒரு முழச் சதுரத்தில் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கவும் நேர்ந்தது. ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஈரத் தளத்தில் அடித்த ஃபோம் பின்னால் தோல் உரிந்து எழும்.

ஃபோமை மூன்று படலமாக அடித்தார்கள். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியேற முடியாமல் நடுவில் கருகும், சுருங்கும், சில சமயம் தீப்பிடித்தும் இருக்கிறது.

பாட்டிக்கு ஆஸ்துமா இருந்ததால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. தெளிக்கும்போது காற்றில் வரும் ஐசோசயனேட் மூச்சுக் குழாயைத் தாக்கும்; ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். தெளிப்பவருக்கு வெளியில் இருந்து காற்று வரும் முகமூடி வேண்டும், துணி மாஸ்க் பயன்படாது. மற்றவர்கள் தெளித்து முடித்து 24 மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். மாடியில்தானே அடிக்கிறார்கள் என்று நினைக்கலாம். டெல்லியில் ஏர்கூலர் வெளிக்காற்றை இழுத்துத்தான் உள்ளே தள்ளுகிறது. குடும்பம் ஆர்.கே.புரத்தில் உறவினர் வீட்டுக்குப் போனது. கீழ்த்தளத்தாரிடமும் சொல்லி, கூலர்களையும் ஜன்னல்களையும் மூட வைத்தோம்.

வெயில் பட்டால் இந்த ஃபோம் பழுத்து மாவாக உதிரும். குரங்கும் அணிலும் வேறு இருக்கின்றன. ஜனக்புரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அடித்த சில நாட்களுக்குள் பிரிப்புத் தாள் விரித்து, வலைக்கம்பி வைத்து, 50 மி.மீ. கான்கிரீட் பூச்சைக் கட்டம் கட்டமாக இணைப்பு விட்டுப் போட்டு, மேலே வெள்ளை ஓட்டுச் சில்லு பதித்தார்கள். வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பணம் குறைவாக உள்ள வீடுகளுக்கு ஃபோமே இல்லாமல் வெள்ளைப் பூச்சு மட்டும் அடிக்கச் சொல்வேன். அதுவே நல்ல பலன் தரும்.

பர்சாத்தியும் மிருதங்கமும்

பர்சாத்தியின் தகரத்துக்கு அடியில் குளோஸ்டு செல் அடித்தால் குளிர்காலப் பனிச் சொட்டு நிற்கும். ஓப்பன் செல் அங்கே ஆகாது. நீராவி ஊடுருவித் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஆனால் தகரமே பழசு. ஃபோம் ஒட்டிய தகரத்தைப் பிறகு கழற்ற முடியாது. அதனால் தகரத்தை எடுத்துவிட்டு 50 மி.மீ. பஃப் பேனல் போட்டோம். தொழிற்சாலையில் இரண்டு தகட்டுக்கு நடுவே நிரப்பிய அதே குளோஸ்டு செல்தான். வெயிலும் படாது, உள்ளே ஃபோம் வெளித்தெரிந்தும் இருக்காது.

மகன் பயிற்சி செய்வது அந்த அறையில். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவருக்கு ஓப்பன் செல் அடிக்கலாமா என்று கேட்டான். மேல் ஸ்தாயி ஒலிகளை அது நன்றாக உறிஞ்சும். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த நாதத்தைத் தடுக்கச் சுவருக்குக் கனம் வேண்டும். ஒரே ஒரு சுவருக்காக இயந்திரத்தை வரவழைப்பதும் வீண். ராக்வூல் நிரப்பி, இரட்டை ஜிப்சம் பலகை வைத்தோம். அது தீப்பிடிக்கவும் செய்யாது. ஆக, இந்த வீட்டில் ஓப்பன் செல்லுக்கு இடமே அமையவில்லை. மழை நேராகப் படாத, காய்ந்த உட்சுவர்களை நிறைய நிரப்ப வேண்டிய வீடாக இருந்தால் நான் அதைப் பரிந்துரைத்திருப்பேன்.

இப்போது

கணக்குப்படி மதிய உச்சத்தில் கூரை வழியாக இறங்கும் வெப்பம் 6 கிலோவாட்டில் இருந்து 1.3 கிலோவாட்டுக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த கோடையில் சாயங்காலம் கூரையின் அடிப்பரப்பைத் தொட்டால் சுவரின் சூடுதான் இருந்தது. அனல் இல்லை. மழைக்காலத்தில் பழைய கறை பெரிதாகவில்லை. மேற்குச் சுவர் இன்னும் சுடுகிறது, அதற்கு வெளிப்பக்க நிழல் தேவை, அது தனி வேலை. ஒரு புதுப் பழக்கமும் வேண்டியிருக்கிறது: கூரை வழியாக வெப்பம் வராதது போலவே ராத்திரியில் போகவும் செய்யாது. ஏப்ரல், அக்டோபர் இரவுகளில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால்தான் பகலில் சேர்ந்த சூடு வெளியேறும்.

மழைக்கு முன் குர்ராக்களில் இலை அடைப்பை எடுப்பது, பூச்சின் இணைப்புகளில் சீலன்ட் பிளந்திருந்தால் நிரப்புவது, இரண்டும் வருடா வருடம் செய்ய வேண்டியவை. டிஷ் ஆன்டெனாக்காரரோ சோலார்க்காரரோ வந்தால் போட்டு வைத்த பீடங்களில் மட்டும் துளையிடச் சொல்லி, மாடிக் கதவிலேயே பீடங்கள் எங்கே இருக்கின்றன என்ற வரைபடத்தை இந்தியில் எழுதி ஒட்டியிருக்கிறார் வீட்டுக்காரர்.